‘பயாப்சியில் ஒன்றுமில்லை’ என்றால் புற்றுநோய் போய்விட்டதா?

மலக்குடல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் கீமோதெரபியும் முடிந்தபின், சிலருக்குக் கட்டி இருந்த சுவடே தெரியாமல் மறைந்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்களை உடனே அறுவை சிகிச்சைக்கு அனுப்பாமல் நெருங்கிக் கண்காணிக்கலாம் என்பதை, பிரேசிலின் சாவோ பாவ்லோவைச் சேர்ந்த மருத்துவர் ஆஞ்சலிட்டா ஹப்ர்-காமாவின் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வு உலகுக்குக் காட்டியது. மலம் சேர வயிற்றில் நிரந்தரமாகப் பை வைத்துக்கொள்ளும் நிலையிலிருந்து பலரை இந்த வழி காக்கிறது. ஆனால் குடலுக்குள் கேமராவைச் செலுத்திக் கண்காணிக்கும் டிஜிட்டல் எண்டோஸ்கோபியின் திரையைத் தவறாகப் படித்தால் எல்லாம் கெட்டுவிடும்.

நான் அதிகம் அஞ்சும் தவறு, சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியின் முடிவை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. சிகிச்சையில் கட்டி சுருங்கும்போது மேற்பரப்பு ஆறி, புதிய சவ்வு மூடிவிடலாம். அதற்கு அடியில், தசை அடுக்கில் புற்றணுக்கள் மிஞ்சியிருக்கலாம். பயாப்சி இடுக்கி கிள்ளி எடுப்பதோ மேல் சவ்வைத்தான். புற்று இருக்கிறது என்று முடிவு வந்தால் நம்பலாம். இல்லை என்று வந்தால் அதை மட்டும் நம்பி நிம்மதி அடையக் கூடாது.

அடுத்தது அவசரம். கதிர்வீச்சின் பலன் வாரக்கணக்கில் தொடரும். சிகிச்சை முடிந்து 8 முதல் 12 வாரங்கள் ஆவதற்கு முன்பே பார்த்துவிட்டு, ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைத் தோல்வி என்று எழுதிவிடுவது உண்டு.

படத்தில் எதைப் பார்த்துக் கலங்குவது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. வெளுத்த, தட்டையான தழும்பும் அதன்மேல் மெல்லிய சிவப்பு ரத்தநாளக் கோடுகளும் நல்ல அடையாளங்கள். அந்தச் சிவப்பைக் கண்டு குடும்பத்தார் பதறுகிறார்கள், பதற வேண்டாம். முடிச்சு, ஆழமான புண், குடல் குறுகல் ஆகியவைதான் கவலைக்குரியவை. எனிமா சரியாக எடுக்காமல் மலம் ஒட்டிய குடலில் எடுத்த படம் எதற்கும் உதவாது.

கேமரா இருக்கிறதே என்று, மருத்துவர் ஆசனவாய் வழியே விரலால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையைக் கைவிடுவதும் தவறு. கண்ணுக்குத் தெரியாத கடினத்தை விரல் உணரும். சுவரின் ஆழத்தையும் நிணநீர்க் கணுக்களையும் எம்.ஆர்.ஐ. காட்டும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

படங்களைச் சேமிக்காமல் விடுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ‘தழும்பு உள்ளது’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு, அது மூன்று மாதத்தில் மாறியதா என்று எவரால் சொல்ல முடியும்? சிகிச்சைக்கு முன் எடுத்த படம் தொடங்கி ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றாக இருக்கிறோமே என்று பரிசோதனையை நிறுத்திவிடாதீர்கள். இவ்வாறு கண்காணிக்கப்பட்ட 880 பேரைப் பற்றி 2018-இல் வெளியான பன்னாட்டுத் தரவில், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு 2 ஆண்டுகளுக்குள் கட்டி அதே இடத்தில் மீண்டும் வளர்ந்தது. அப்படி வளர்ந்தவற்றில் 97 சதவீதம் குடல் சுவரிலேயே இருந்தன. அதாவது எண்டோஸ்கோபிக்கும் விரலுக்கும் எட்டும் இடத்தில். அதனால்தான் முதல் 2 ஆண்டுகளுக்கு மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை வரச் சொல்கிறார்கள்.