பிள்ளைகளுக்குத் தோசை வார்க்கப் பழக்குவது எப்படி?

என் மகளுக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறையில் "நானே தோசை ஊத்துறேன்" என்று ஒரே அடம். முதல் நாள் ஏழு கரண்டி மாவு போனது, தோசை என்று ஒன்றுகூடத் தேறவில்லை. இரண்டு வாரம் தடுமாறிப் பிடிபட்ட வழி இது.

மாவு அரைக்கும் கதைக்குள் போகவில்லை. ஃபிரிட்ஜில் இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். இட்லிப் பதத்தில் இருந்தால் தண்ணீர் விட்டுக் கொஞ்சம் இளக்குங்கள்.

1. முதலில் அடுப்பே வேண்டாம். எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து, நடுவில் ஒரு கரண்டி மாவு விட்டு, உள்ளிருந்து வெளியே வட்டமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். வழித்துப் பாத்திரத்திலேயே போட்டு மறுபடி தேய்க்கலாம். பிள்ளைகள் கரண்டியை அழுத்தத்தான் பார்ப்பார்கள். "மாவோட முதுகைத் தடவு" என்றேன், சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

2. ஆடாத ஸ்டூல், கட்டிய முடி, தொளதொள இல்லாத சட்டை. பக்கத்தை விட்டு நகராதீர்கள்.

3. கல் சூடு. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கரண்டியோடு மாவும் சுருண்டு வந்தது. சூடு போதவில்லை போல என்று தீயைக் கூட்டினேன், இன்னும் மோசம். காரணம் நேர் எதிர். கல் அதிகம் காய்ந்திருந்தால் மாவு விழுந்ததுமே அடி வெந்து ஒட்டிக்கொள்ளும், மேல்மாவு கரண்டியோடு கிளம்பிவிடும்.

தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சொட்டு முத்தாக உருண்டு ஓடினால் கல் ரொம்பச் சூடு. விழுந்த இடத்திலேயே 'சுர்'ரென்று அடங்கினால் சரி. எண்ணெய் தொட்ட அரை வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்த்து, தீயை சிம்மில் வைத்து மாவை விடுங்கள். தேய்த்து முடித்த பிறகுதான் தீயைக் கூட்ட வேண்டும். இப்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே "ஆச்சும்மா" என்கிறாள்.

4. ஓரம் தானாகக் கிளம்பும்வரை திருப்பியால் நோண்டக் கூடாது.

கல் என்றால் எனக்கு இரும்புதான். நான்ஸ்டிக்கில் எண்ணெய் கொஞ்சம் கூடினாலும் மாவு வழுக்கிக்கொண்டு போகும், பிள்ளைக்குக் கை படியாது. இரும்புக்கல் கனம் என்பதால் அடுப்பில் நகராது, கீறல் பற்றியும் கவலையில்லை.

பின்சேர்க்கை: இண்டக்‌ஷனில் நடு மட்டும் கருகுவதாக இருவர் எழுதியிருந்தார்கள். அடி தட்டையான கல்லைக் குறைந்த சூட்டில் ஐந்து நிமிடம் காயவிட்டுப் பாருங்கள். குழிந்த பழைய கல் அதற்குச் சரிவராது.

சுட்டுக்கொண்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, இங்க் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் டாக்டர். மூன்றாம் நாள் இவள் சுண்டுவிரலில் பட்டுவிட்டது. மாமியார் தோசைமாவை அப்ப வந்தார். "வேண்டாம் அத்தை" என்று தடுத்துப் பிள்ளையைக் குழாயடியில் நிறுத்தினேன். கல்லில் கிடந்த தோசையை யாரும் கவனிக்கவில்லை, கரியாகிவிட்டது.