பூங்காவில் நினைவு போன்சாய் மூலை: வேலூர் வெயிலைத் தாங்கும்படி அமைப்பது எப்படி?

இறந்தவர் நினைவாகப் பூங்காவில் ஒரு சிமெண்ட் பெஞ்சு போட்டுப் பெயர் எழுதிவிட்டு வருவது சுலபம், பெஞ்சுக்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. போன்சாய், அதாவது ஆழமில்லாத தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம், வைத்தால் தினமும் ஊற்றணும். தாத்தா பெயரில் வைத்த மரம் சித்திரை வெயிலில் கருகி நிற்பதை அந்தக் குடும்பம் பார்க்க நேர்ந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். அதனால் மரம் வாங்குவது மூன்றாவது வேலைதான்.

முதல் வேலை: தண்ணீருக்கு ஆள்

இரண்டு அங்குல ஆழமுள்ள தொட்டி மே மாதத்தில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். காலையில் வெயில் ஏறுமுன் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, அடித்துளை வழியாக வழியும் வரை ஊற்றியாக வேண்டும். ஞாயிறு, பொங்கல், தீபாவளி எல்லாம் சேர்த்துத்தான். பூங்காவின் தோட்டக்காரர் ஒருவர், குடும்பத்தில் ஒருவர், பக்கத்துத் தெருவில் ஒருவர் என மூன்று பேராவது முறை போட்டுக்கொள்ளுங்கள். இது முடிவாகவில்லை என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம், தப்பில்லை.

தண்ணீரின் தன்மையையும் பாருங்கள். நம்ம பக்கம் பல போர்வெல்களில் உப்பு அதிகம், தோல் தொழிற்சாலைகள் உள்ள பாலாற்றங்கரைப் பகுதிகளில் கேட்கவே வேண்டாம். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால் அது உப்புதான். பக்கத்து ஷெட் கூரையிலிருந்து மழைநீர் பிடிக்க ஒரு டிரம் வைத்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

இரண்டாவது: அனுமதியும் இடமும்

மாநகராட்சிப் பூங்கா என்றால் ஆணையருக்கு ஒரு மனு, கூடவே கையால் வரைந்த ஒரு படம். யார் பராமரிப்பது என்பதையும் அதில் எழுதிக் கொடுங்கள். கோட்டைப் பக்கம் ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்கணும்: பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடை உண்டு, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். கோட்டையை ஒட்டி இல்லாத வேறு பூங்காவைத் தேடுவதே நல்லது.

இடத்தைப் பொறுத்தவரை காலை வெயில் விழ வேண்டும், மேற்கு வெயிலை ஒரு பெரிய மரமோ சுவரோ தடுக்க வேண்டும். இரண்டும் அமையாவிட்டால் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். பின்னணி வெறும் சாம்பல் நிறச் சுவராக இருக்கட்டும். கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் முன்னால் எந்த மரமும் எடுபடாது.

மூன்றாவது: மரம்

புதியவர்களுக்கு இச்சி (ஆல், அரசு போல ஒரு அத்தி இன மரம்), புளி, காகிதப்பூ, இந்த மூன்றும் போதும். எனக்குப் புளிதான் முதல் தேர்வு, ஏனென்றால் இலை இயல்பிலேயே சிறியது, வெயிலுக்கு அஞ்சாது, தண்டு சீக்கிரமே கிழத்தோற்றம் கொடுக்கும், நம்ம ஊர்ச் சாலையோரத்தில் பார்த்துப் பழகிய மரமும்கூட. அரச மரம் வேண்டாம், இலையைச் சிறிதாக்குவது பெரும்பாடு. 'அப்பா நிலத்து மரத்தின் விதையிலிருந்துதான் வரணும்' என்று சிலர் கேட்பார்கள். அந்த நாற்றை வீட்டில் வளர்க்கச் சொல்லுங்கள், அதில் தண்டு பருக்கப் பல வருஷம் ஆகும். பூங்காவுக்கு நர்சரியில் தண்டு தடித்த மரமாக வாங்குங்கள், அதுவும் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு.

இரண்டு எதற்கு? ஒன்று பீடத்தில் நிற்கும்போது மற்றொன்று பின்பக்கம் ஓய்வெடுக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

நான்காவது: பீடம்

கருங்கல்லுக்கு நமக்குப் பஞ்சமில்லை. மூன்று அல்லது மூன்றரை அடி உயரம் இருந்தால் நின்று பார்ப்பவருக்குத் தண்டும் கிளையும் கண்ணுக்கு அருகில் வரும். குழந்தைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் ஒன்றை மட்டும் இரண்டடியில் வையுங்கள். பீடத்துக்குப் பீடம் மூன்றடி இடைவெளி. "இன்னா சார், இத்துணூண்டு செடிக்கு இம்மாம் பெரிய கல்லா?" என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும், கனமான கல்லை யாரும் நகர்த்த முடியாது. ஆனால் பகலில் சுட்ட கல் ராத்திரி வரை வேரை வேகவைக்கும், அதனால் தொட்டியை நேரடியாகக் கல்மேல் வைக்காமல் இரண்டு மரக்கட்டைகள் கொடுத்து அதன்மேல் வையுங்கள். அடித்துளை வழியாகத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை விட்டுப் பீடத்தில் போல்ட்டால் முடுக்குங்கள். செம்புக் கம்பி கட்டினால் மரத்துக்கு முன்னால் கம்பி திருடு போய்விடும்.

மண் கலவை: தூசி சலித்த செங்கல் சல்லி இரண்டு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. களிமண் கூடாது.

ஐந்தாவது: பெயர்

பெயர்க்கல் பீடத்தில் இருக்கணும், தொட்டியில் அல்ல. மரம் மாறும், பெயர் மாறாது. ஒரு மரம் பட்டுப்போனாலும் அந்தப் பெயர் அநாதையாக நிற்காது. பெயர், பிறந்த வருஷம், மறைந்த வருஷம், மர வகை, அவ்வளவுதான். இவ்வளவு போதும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1625 முதல் வளர்க்கப்பட்டு வரும் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன், 1945 ஹிரோஷிமா குண்டில் தப்பி, 1976-ல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போனது. கொடுத்தவரின் பேரன்கள் 2001-ல் வாஷிங்டன் வந்து சொன்ன பிறகுதான் அது குண்டில் தப்பிய மரம் என்பதே அங்கே தெரிந்தது. அதுவரையிலும் மக்கள் அதை மரமாகவே ரசித்தார்கள். அதனால் விருதுப் பட்டியலை எல்லாம் கல்லில் ஏற்றாதீர்கள்.

திறப்பு விழாவை அக்னி நட்சத்திரத்தில் வைக்காதீர்கள். இரண்டு மழை பெய்யட்டும், ஆனி ஆடியில் தொட்டி மாற்றி, புதுத்தளிர் வந்த பிறகு பீடத்தில் ஏற்றுங்கள்.