ஆர்.வி. பயணம்: வழி போடும்போதே செய்துவிடும் தவறுகள்

படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார் ஹோமில் (ஆர்.வி. என்பார்கள்) கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கார் ஓட்டிய பழக்கத்திலேயே வழி போட்டுவிடுகிறார்கள். மேப்பில் தெரியும் நீலக்கோடு காருக்கானது. உங்கள் வண்டி எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம் என்பது அதற்குத் தெரியாது.

உயரத்தில் தப்புக் கணக்குப் போட்டால் கூரையே போய்விடும். கையேட்டில் போட்டிருக்கும் அளவை அப்படியே நம்பாதீர்கள். பிறகு பொருத்திய ஏ.சி.யோ ஆன்டெனாவோ அதில் சேர்ந்திருக்காது. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். கூரையில் எது மிக உயரமோ அதன்மேல் நேரான பலகை ஒன்றைப் படுக்கவைத்து, வெளியே நீட்டியிருக்கும் நுனியிலிருந்து தரைவரை டேப் பிடித்து அளந்து பாருங்கள். கிடைத்த எண்ணைப் பெரிதாக எழுதி, ஓட்டுபவர் கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள். பாலத்துக்கு முன்னால் இருக்கும் பலகையைப் படித்து முடிவெடுக்கச் சில நொடிகள்தான் கிடைக்கும். அப்போது ஞாபகத்தைத் துழாவ நேரமிருக்காது.

அமெரிக்காவில், வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. அதன் கீழே இருந்த இடைவெளி 11 அடி 8 அங்குலம். எச்சரிக்கைப் பலகையும் விளக்கும் இருந்தும் உயரமான வண்டிகள் வந்து மோதிக் கூரையைப் பறிகொடுத்தன. 2019இல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் மோதல்கள் நிற்கவில்லை.

நீளமும் அப்படித்தான். மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குள் போகும் 'கோயிங் டு த சன்' சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடமாட்டார்கள். பின்னால் கார் இழுத்துப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துவரும் காரோடு ரிவர்ஸ் எடுக்க முடியாது. முட்டுச்சந்தில் மாட்டினால், நடுரோட்டில் காரைக் கழற்ற வேண்டியதுதான்.

அடுத்தது நேரம். ஆப் ஐந்து மணி நேரம் என்று காட்டினால் ஆறரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம், காற்று, டீசல் போட நிறுத்துவது எல்லாம் நேரத்தைத் தின்னும். ஒரு நாளைக்கு 300 மைல், மாலை 3 மணிக்குள் போய்ச்சேர்வது என்று அனுபவஸ்தர்கள் வைத்திருக்கும் கணக்கு எனக்குச் சரியாகவே படுகிறது. இருட்டிய பிறகு தெரியாத கேம்ப்கிரவுண்டில் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்) பின்னோக்கி நுழைவதைவிடச் சிரமமான வேலை கிடையாது. தாழ்ந்த கிளை கண்ணில் படாது. பின்னால் நின்று கை காட்டுகிறவரும் தெரியமாட்டார்.

இடம் புக் செய்யும்போது "எத்தனை அடி வண்டி வரை நிற்கும், மின் இணைப்பு எத்தனை ஆம்ப்?" என்று கேட்டுவிடுங்கள். பலர் கேட்காமல் விடுவது கழிவுத் தொட்டி பற்றி. அதை எங்கே காலி செய்யலாம் என்பதைத் தங்குமிடத்தோடு சேர்த்தே குறித்துவையுங்கள். தண்ணீர்த் தொட்டியை எங்கே நிரப்புவது என்பதும் முக்கியம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 200 லிட்டரைச் சும்மா சுமந்து மலையேறுவது இஞ்சினுக்கும் இறக்கத்தில் பிரேக்குக்கும் வீண் பாரம். அங்கே போய் நிரப்ப வசதியிருந்தால் அப்படியே செய்யுங்கள்.

சில சுரங்கப்பாதைகளில் கேஸ் சிலிண்டரோடு வரும் வண்டிகளை விடமாட்டார்கள். மாற்றுவழி எது, எத்தனை மைல் கூடும் என்பதை வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.