மோட்டார்ஹோம் புரொப்பேன் டேங்க் வால்வில் கேஸ் கசிந்தால்: எதைத் தொடலாம், எதை விட்டுவிட வேண்டும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிச் சமைக்கும் வசதியுள்ள வண்டி) வைத்திருப்பவர்கள், விடுமுறைக்கு வாடகைக்கு எடுப்பவர்கள் எல்லோரும் கேஸ் வாடை வந்ததும் ஸ்பேனரைத் தேடுகிறார்கள். எந்த நட்டை இறுக்குவது என்பது அப்புறம். வால்வை மூடினால் கசிவு நிற்கிறதா, நிற்கவில்லையா? முதலில் அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உங்களால் முடிகிற வேலையா, உரிமம் பெற்ற மெக்கானிக் செய்ய வேண்டிய வேலையா என்பது அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வண்டிக்குள் வாடை வந்தால்

புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். அதனால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். கேஸ் டிடெக்டரைத் தரைக்கு அருகில் பொருத்தியிருப்பதும் இதனால்தான்.

எரிகிற அடுப்பு இருந்தால் அணையுங்கள். லைட், ஃபேன் என்று எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். குழந்தைகளையும் நாயையும் முதலில் இறக்குங்கள். போகிற போக்கில் கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு நீங்களும் வெளியே வந்துவிடுங்கள். பிறகு வெளிப்பக்கம் உள்ள டேங்க் அறையைத் திறந்து, வால்வுக் கைப்பிடியை வலப்புறமாகத் திருகி மூடுங்கள். கையால் மட்டும்.

அந்த அறையிலிருந்து சத்தமாகச் சீறல் கேட்டாலோ, வெண்புகை போலக் கிளம்பினாலோ, வால்வைச் சுற்றி உறைபனி படிந்திருந்தாலோ கிட்டே போகாதீர்கள். திரவமாகவே வெளியேறுகிறது என்று அர்த்தம். புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி செல்சியஸ், தோலில் பட்டால் அந்தக் குளிரே தீக்காயம்போலப் புண்ணாக்கிவிடும். காற்று வரும் திசைப் பக்கமாகத் தூரம் போய் நின்று 911-ஐ அழையுங்கள். போனை அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும்.

வாடகை வண்டி என்றால், மூடியதோடு உங்கள் வேலை முடிந்தது. வாடகைக்கு விட்டவர்களைக் கூப்பிடுங்கள், எதையும் கழற்ற வேண்டாம்.

டேங்கில் என்னென்ன இருக்கிறது

நம் ஊர் அடுப்படி சிலிண்டர்போல மோட்டார்ஹோம் டேங்கைக் கழற்றி மாற்ற முடியாது. வண்டியின் அடிச்சட்டத்தோடு நிரந்தரமாகப் பொருத்தியிருப்பார்கள். நிரப்பும் வால்வு, கேஸை ரெகுலேட்டருக்கு அனுப்பும் சர்வீஸ் வால்வு (கைப்பிடி உள்ளது, நீங்கள் மூடியது இதைத்தான்), 80 சதவீதம் நிரம்பியதைக் காட்டும் சிறு திருகு, அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் பாதுகாப்பு வால்வு, அளவு காட்டும் முள். கசிவு பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும்.

சோப்பு நுரைச் சோதனை

வாடை முழுதாக அடங்கிய பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். அடுப்பு, ஃபிரிட்ஜ், வெந்நீர் ஹீட்டர், அறை ஹீட்டர் எல்லாம் அணைந்திருக்கட்டும். ஃபிரிட்ஜைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது தானாகவே பொறி தட்டி எரியத் தொடங்கும். எஞ்சினும் ஜெனரேட்டரும் ஓடக் கூடாது.

பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, தூரிகையால் பூசுங்கள். அம்மோனியாவோ குளோரினோ கலந்த சோப்பு வேண்டாம், அது பித்தளையை அரிக்கும். தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள்.

முதல் சுற்றில் சர்வீஸ் வால்வு மூடியே இருக்கட்டும். டேங்கின் மேல் உள்ள ஒவ்வொன்றிலும் பூசி, ஒரு நிமிடமாவது பொறுத்துப் பாருங்கள். மெல்லிய கசிவில் கொப்புளம் மெதுவாகத்தான் வளரும். இரண்டாம் சுற்றுக்கு வால்வை மெல்லத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால், கேஸ் வேகமாகப் பாய்ந்தால் தானே அடைத்துக்கொள்ளும் மிகை ஓட்டத் தடுப்பு உள்ளே விழுந்து கேஸ் வரவே வராது. இப்போது கைப்பிடித் தண்டைச் சுற்றியும், ரெகுலேட்டர் இணைப்பிலும், ரெகுலேட்டரின் சுவாசத் துளையிலும் (காற்று போய்வரும் சிறு துளை) பூசிப் பாருங்கள். பார்த்ததும் வால்வை மறுபடி மூடிவிடுங்கள்.

கொப்புளம் எங்கே வந்தது?

80 சதவீதத் திருகில் வந்தால் நல்லது, இது எளிய வேலை. நிரப்பும் இடத்தில் சரியாக மூடாமல் விட்டிருப்பார்கள். தட்டை ஸ்க்ரூடிரைவரால் மென்மையாக இறுக்கினால் போதும். முறுக்கினால் பித்தளை நைந்துவிடும்.

ரெகுலேட்டர் இணைப்பில் வந்தால் அதையும் நீங்களே பார்க்கலாம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பி.ஓ.எல். எனப்படும் பித்தளை இணைப்பு இடது மரை கொண்டது, இடப்புறம் திருகினால்தான் இறுகும். வழக்கப்படி வலப்புறம் திருகினால் கசிவு கூடிவிடும். வால்வை மூடிவிட்டு, ஒரு ஸ்பேனரால் வால்வின் உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் இணைப்பைக் கொஞ்சம் இறுக்குங்கள். டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அந்த இணைப்பில் கேஸை அடைப்பது முனை, மரை அல்ல.

கைப்பிடித் தண்டைச் சுற்றி, வால்வு திறந்திருக்கும்போது மட்டும் கொப்புளம் வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையமோ பேக்கிங்கோ தேய்ந்திருக்கிறது. முழுதாக மூடினால் நின்றுவிடும். மூடியபடியே மெக்கானிக்கிடம் போங்கள். ரெகுலேட்டரின் சுவாசத் துளையில் விடாமல் வந்தால் ரெகுலேட்டரையே மாற்ற வேண்டும்.

வால்வு மூடியிருந்தும் நிரப்பும் வால்விலோ, வால்வு டேங்கோடு சேரும் மரையிலோ, அளவு முள்ளிலோ வந்தால் கை வைக்கவே கூடாது. அந்தப் பக்கம் முழு டேங்க் அழுத்தம் நிற்கிறது. 20 டிகிரி வெயிலில்கூட சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 110 பவுண்டு. அடுப்புக்குப் போகும் அழுத்தமோ அரை பவுண்டுகூட இல்லை. டேங்கைக் காலி செய்யாமல் அந்த வால்வைக் கழற்ற முடியாது.

பாதுகாப்பு வால்வு சீறினால் அதை அடைக்க நினைக்காதீர்கள். 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பிய டேங்க் வெயிலில் நின்றால் திரவம் விரிந்து இப்படி ஆகும். அந்த வால்வு தன் வேலையைச் செய்கிறது. விலகிப் போய் 911-ஐ அழையுங்கள்.

சரிசெய்த பிறகு

வால்வை மெல்லத் திறந்து, இறுக்கிய இடத்தில் மீண்டும் நுரை பூசிப் பாருங்கள். கொப்புளம் இல்லையென்றால் ஓர் அடுப்பைப் பற்றவைத்து, டேங்க் வால்வை மூடுங்கள். குழாயில் மிச்சம் உள்ள கேஸ் தீர்ந்ததும் சுடர் அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். அவசரத்தில் அதை நம்ப முடியாது, மாற்றச் சொல்லுங்கள்.

எங்கும் கொப்புளமே இல்லாமல் அழுகிய முட்டை வாடை மட்டும் வந்தால் பேட்டரியைப் பாருங்கள். அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும் லெட்-ஆசிட் பேட்டரியிலும் அதே வாடைதான் வரும், கேஸ் டிடெக்டரும் கத்தக்கூடும். தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் சார்ஜரை நிறுத்துவதுதான் அதற்கு வழி. டிடெக்டரின் பின்பக்கத் தேதியையும் அப்படியே படித்துவிடுங்கள். அதற்கும் ஆயுள் உண்டு, தேதி கடந்திருந்தால் அடுத்த பயணத்துக்கு முன் புதிதாக ஒன்று வாங்கிப் பொருத்துங்கள்.