செங்காந்தளைத் தோட்டத்தில் வளர்க்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

வேலியோரத்தில் யாரும் கவனிக்காமலே ஆளுயரத்துக்கு ஏறிப் பூக்கிற கொடி, நம் மாநில மலர். அதையே ஆசையாக வீட்டில் வைத்தால் ஒரே வருஷத்தில் போய்விட்டது என்கிறார்கள். பெரும்பாலும் அது தூங்குகிற நேரத்தில் நாம்தான் கொன்றுவிடுகிறோம்.

பூத்துக் காய் முற்றியதும் இலை மஞ்சளாகிக் கொடி மொத்தமும் காய்ந்துவிடும். தரைக்கு மேல் ஒன்றுமே இருக்காது. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். மறுபடி ஆனி, ஆடியில் முளைக்கும்வரை அதற்குத் தண்ணீர் தேவையில்லை. பட்டுப்போனதோ என்று பதறித் தினமும் ஊற்றினால் அழுகிவிடும். தொட்டி என்றால் மழை படாத இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். தரையில் என்றால் அடையாளத்துக்கு ஒரு குச்சி ஊன்றுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே வேறு செடிக்குக் குழி வெட்டிவிடுவோம்.

அடுத்தது, கிழங்கைக் கையாளும் விதம். கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் இதற்குக் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். முளை அதன் நுனியில்தான் இருக்கிறது. நான் முதன்முதலாக வாங்கிய கிழங்கைப் பையில் போட்டுக் குலுக்கிக் கொண்டுவந்ததில் நுனி ஒடிந்துவிட்டது. ஆடி போய் ஆவணி வந்தும் அது முளைக்கவே இல்லை. வாங்கும்போதே நுனியைப் பாருங்கள். மணல் கலந்த, நீர் தேங்காத மண்ணில் நான்கு விரல் ஆழத்தில் படுக்கவைத்து நடுங்கள். விதை போட்டால் பூ பார்க்க 3, 4 வருஷம் ஆகும்.

கொடி ஏற மூங்கில் கழி நடுவதும் வீண். இந்தக் கொடிக்கு இலை நுனிதான் கை. நுனி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருண்டு, பக்கத்தில் அகப்படும் மெல்லிய குச்சியை ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பருமனான கழி அதன் பிடிக்குள் வராது. வலையோ, சின்னச் சின்னக் கிளைகள் உள்ள காய்ந்த மிலாறோ போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, இதன் விஷத்தைச் சாதாரணமாக நினைப்பது. கோல்சிசின் என்ற நஞ்சு செடி முழுக்க இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். மூலனூர், தாராபுரம் பக்கம் மருந்துக்காக விதை எடுக்க ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள், ஆனால் வீட்டு வைத்தியத்துக்கு இதைத் தொடவே கூடாது. சர்க்கரைவள்ளி என்று நினைத்துச் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கையுறை போட்டுத்தான் தோண்ட வேண்டும். எடுத்த கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாமல், மணலில் புதைத்து, குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாத இடத்தில், மேலே 'விஷம்' என்று எழுதி வையுங்கள்.