மெஷின் வாங்குவதற்கு முன்னால் நோட்டில் போட வேண்டிய கணக்கு

பொங்கல் முடிந்த வாரம் என் தங்கச்சி மகன் ஒரு நோட்டோடு வந்தான். குழந்தைகளுக்கு நைட் டிரஸ் செட் தைத்து ஆன்லைனில் விற்கப் போகிறான். ஓவர்லாக், பிளாட்லாக், பவர் டேபிள் என்று தையல் மெஷின் எல்லாம் சேர்த்து 6 லட்சத்துக்குக் கொட்டேஷன் வாங்கிவிட்டான். "மாமா, நல்லாப் போகுமுங்க. நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லீட்டீங்கன்னா அட்வான்ஸ் குடுத்துர்றேன்."

திருப்பூரில் குழந்தைகள் பனியன் தைப்பது எனக்கு 22 வருடத் தொழில். அவனோடு உட்கார்ந்து செய்ததை அப்படியே எழுதுகிறேன். புதிதாகத் தொழில் தொடங்கும் யாரும் செய்யலாம், ஒரு நோட்டும் ரெண்டு மூணு கலர் பேனாவும் போதும்.

முதலில் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். எல்லோரும் "மாசம் இத்தனை பீஸ் விற்கும், அதில் இவ்வளவு நிற்கும்" என்று மேலிருந்து வருவார்கள். நான் கீழிருந்து கேட்டேன்: மாசம் வீட்டுக்கு எவ்வளவு வேணும்? 40,000. வாடகை, கரண்ட், ஒரு பையன் சம்பளம்? 45,000. ஆக 85,000 நின்றாக வேண்டும். ஒரு செட் விலை 299. துணி, தையல், பேக்கிங் 185. கமிஷன், கூரியர், வரி எல்லாம் 70. கையில் நிற்பது 44. 85,000-ஐ 44-ஆல் வகுத்தால் 1,932 செட். இப்படிப் போட்டால்தான், இத்தனையும் நடக்க எதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்பது தெரியும். 1995-லேயே ரீட்டா மெக்ராத், இயன் மெக்மில்லன் என்ற இரு பேராசிரியர்கள் புதுத்தொழிலுக்கு இப்படித்தான் திட்டம் போடச் சொன்னார்கள்.

அடுத்து, நோட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் தொட்டு "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். பதில் மூன்றே வகை: கண்டது, கேட்டது, நினைத்தது. பில்லைக் கையில் வைத்திருந்தால் கண்டது, பச்சை. தெரிந்தவர் சொன்னால் கேட்டது, நீலம். மற்றதெல்லாம் சிவப்பு. அவன் நோட்டில் துணி விலையும் தையல் கூலியும் பச்சை. ரிட்டர்ன் 100-க்கு 5 வரும் என்று எழுதியிருந்தான். யார் சொன்னது? "எல்லாருக்கும் அப்படித்தானுங்க மாமா." சிவப்பு.

எல்லாச் சிவப்பையும் சோதிக்க நேரமும் கிடையாது, காசும் கிடையாது. எது பொய்த்தால் தொழிலே படுத்துவிடுமோ அதை முதலில் எடுக்க வேண்டும். வீட்டில் பூச்சு உதிர்ந்தால் பூசிக்கொள்ளலாம், விட்டம் இற்றுப்போனால் என்ன செய்வது? விட்டம் எது என்று கண்டுபிடிக்க, எண்ணை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு செட் திரும்பி வந்தால் போக வரக் கூரியர், புதுப் பேக்கிங், மறுபடி அயர்ன் என்று 110 ரூபாய் போகிறது. நிற்க வேண்டிய 44-ம் இல்லை. 100-க்கு 5 திரும்பினால் மாசம் 2,342 செட் அனுப்ப வேண்டும். 20 திரும்பினால் 6,440. தையல் கூலி ரெண்டு ரூபாய் ஏறுமா என்று ராத்திரி தூங்காமல் இருந்தவன், இந்த எண்ணைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

நோட்டில் எழுதாத அனுமானம்தான் எனக்கு எப்போதும் பயம். 2011 ஜனவரியில் இங்கே 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் தொடர்ந்த வழக்கில், கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை நிறைவேறவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. எங்களிடம் நூல் இருந்தது, ஆர்டர் இருந்தது, சாயம் போட இடமில்லை. "சாயப்பட்டறை ஓடும்" என்று நாங்கள் யாரும் நோட்டில் எழுதியதே இல்லை. அது காற்று மாதிரி இருந்தது. ஆனால் அறிகுறி தெரியாமல் இல்லை. 2006-லேயே உயர் நீதிமன்றம் கெடு வைத்தது, 2009-ல் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் கொடுத்தது. ஆற்றையும் அந்த விவசாயிகளையும் நாங்கள் அப்போதே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள்: இது நடக்க வேறு எது ஓட வேண்டும்? தண்ணீர், சாயம், தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வருவது, நூல் விலை. 2022-ல் ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, பஞ்சு 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. எந்த விலைக்கு மேலே போனால் நம் 44 ரூபாய் காணாமல் போகும் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

சோதிப்பது என்றால் நாலு பேரிடம் கேட்பது இல்லை. சொந்தக்காரர்கள் நம் மனசு நோகக்கூடாது என்று நல்ல வார்த்தைதான் சொல்வார்கள். ஒரு வியாபாரி "4,000 பீஸ் நானே எடுத்துக்கறேன்" என்று வாயால் சொன்னதை நம்பி 600 கிலோ துணி வாங்கினேன். அவர் எடுக்கவில்லை. அந்தத் துணி எட்டு மாசம் குடோனில் கிடந்தது. எதிராளி தன் பையிலிருந்து காசை வெளியே எடுத்தால்தான் நமக்குத் தகவல்.

அதனால் மெஷின் வாங்காமல், ஜாப் ஒர்க்காக, அதாவது வெளியே கூலிக்குக் கொடுத்து, 100 செட் தைக்கச் சொன்னேன். செலவு 18,500. தைக்கக் கொடுக்கும் முன்பே தேதி போட்டு ஒரு வரி எழுத வைத்தேன்: "100-க்கு 8-க்கு மேல் திரும்பினால் மெஷின் இல்லை." முடிவு வந்த பிறகு எல்லைக்கோடு போட்டால், மனசு கோட்டைத் தள்ளித் தள்ளி வைத்துவிடும்.

17 திரும்பியது. திரும்பிய பாக்கெட்டை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். 14-ல் ஒரே காரணம், அளவு. "2-3 வயது" என்று போட்டிருந்தான். ஒரே வயசில் ஒரு குழந்தை 86 சென்டிமீட்டர், இன்னொன்று 98. வயதை எடுத்துவிட்டு உயரத்தைப் போட்டான், துணியை விரித்து டேப் வைத்த படத்தையும் சேர்த்தான். இரண்டாவது 100-ல் 9 திரும்பியது.

"மாமா, ஒண்ணுதானுங்களே அதிகம்!"

"மாப்ள, அந்த வரியப் படி."

படித்தான். மூன்றாவது 100 போன வாரம் கூரியரில் போயிருக்கிறது. கொட்டேஷன் நோட்டுக்குள்ளேயே மடித்துக் கிடக்கிறது.