காசிமேட்டுப் படகில் தொடங்குங்கள்

உருவங்களை அப்படியே காட்டாத அரூப ஓவியம் பழக வருகிறவர்களின் கையில் நான் முதல் நாளே தூரிகையைக் கொடுப்பதில்லை. சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்குப் போய்வரச் சொல்கிறேன். பழுது பார்க்கக் கரையேற்றிய படகின் பக்கத்தில் ஒரு சாண் இடத்தை மட்டும் அரை மணி நேரம் பாருங்கள். மேலே பச்சை, அது உரிந்த இடத்தில் பழைய நீலம், அதன் கீழே செங்காவி, கடைசியில் உப்பு அரித்த மரம். ஒவ்வொரு நிறமும் அடுத்ததைக் கொஞ்சம் மறைத்துக் கொஞ்சம் விட்டுவைத்திருக்கும். இருபது வருடமாக நான் வரைவது அந்த ஒரு சாண் இடத்தைத்தான்.

மனம் போன போக்கில் நிறத்தை இழுத்தால் அது அரூபம் ஆகிவிடாது. கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்து வேண்டாததை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். அதனால் அங்கே செல்போனில் படம் எடுக்காதீர்கள். படத்தில் எல்லாமே இருக்கும். மறுநாள் காலை உங்கள் நினைவில் மிஞ்சியது மட்டும்தான் உங்களுக்கு வேண்டும். அதை நோட்டுப் புத்தகத்தில் நான்கு வரியாக எழுதி, பக்கத்தில் நிறத்தைத் தீற்றி வையுங்கள்.

இரண்டடிக்கு இரண்டடி கேன்வாஸ் போதும். வண்ணத்துக்கு முன் கேன்வாஸில் தடவும் வெள்ளைக் கலவையான ஜெஸ்ஸோ இரண்டு பூச்சு, நடுவில் உப்புத்தாள் தேய்ப்பு. நிறங்கள் நான்கே: அல்ட்ராமரின் நீலம், செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா, மஞ்சள் ஓக்கர், டைட்டானியம் வெள்ளை. கறுப்பு வாங்காதீர்கள். நீலத்தையும் சியன்னாவையும் குழைத்தால் வருகிற கறுப்பில் உயிர் இருக்கிறது.

எண்ணெய் வண்ணத்தில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு. அடிப்பூச்சில் டர்பன்டைன் கூடுதலாக இருக்க வேண்டும். மேலே போகப் போக ஆளிவிதை எண்ணெயைக் கூட்ட வேண்டும். எண்ணெய் மிகுந்த பூச்சு மெதுவாகக் காயும். அது அடியில் அசைந்துகொண்டிருக்கும்போது மேல்பூச்சு சீக்கிரம் இறுகிவிட்டால் வெடிக்கும். என் மூன்றாம் வருடத்தில் விற்ற ஓவியம் ஒன்று அடுத்த கோடையில் ஏரிப்படுகை மாதிரி பிளந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அதை வீட்டுக்கு எடுத்து வந்தேன். இன்றும் என் மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன்.

இனி, காய்ந்த நீலத்தின் மேல் பூசிய பச்சையைச் சுரண்டல். விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது, நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், அதுதான் பதம். சுவருக்குப் பட்டி பார்க்கும் தகட்டைச் சாய்வாகப் பிடித்து ஒரே இழுப்பாக இழுங்கள். பச்சை சுருள் சுருளாக வந்து, கேன்வாஸ் நெசவின் மேட்டில் மட்டும் நீலம் தெரியும். பள்ளத்தில் பச்சை தங்கிவிடும். இரண்டும் கண்ணில் சேர்ந்து மூன்றாவது நிறமாகத் தெரியும். அந்த நிறத்தைத் தட்டில் எவ்வளவு குழைத்தாலும் கொண்டுவர முடியாது. ஓவியர் வி.எஸ். காயதொண்டே தூரிகையை விட்டு உருளையும் கத்தியும் எடுத்ததன் அருமை, முதல் முறை இப்படிச் சுரண்டியபோதுதான் எனக்கு விளங்கியது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் ஒரு பூச்சு காய ஒரு வாரத்துக்கும் மேல் ஆகும். அவசரப்படாமல் மூன்று கேன்வாஸ்களை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும், விரித்துக் காயவையுங்கள்.

எப்போது நிறுத்துவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓவியத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி இரண்டு வாரம் வையுங்கள். பிறகு தலைகீழாக நிறுத்திப் பாருங்கள். கண் ஓரிடத்தில் இடறினால் அங்கே மட்டும் கை வையுங்கள். காயதொண்டே வருடத்துக்கு ஐந்தாறு ஓவியங்களே வரைந்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பிழைப்புக்கு வேறு வேலை வைத்திருப்பதில் வெட்கம் வேண்டாம். கோட்டோவியத்திலிருந்து வண்ண அரூபத்துக்கு வந்த ஓவியர் ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். இன்னொரு அரூப ஓவியர் அச்சுதன் கூடல்லூர் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர். 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானபோது, மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற காசுதான் அந்தக் கலைஞர்களைத் தாங்கியது. நான் பதினொரு வருடம் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தேன். காலை ஐந்து முதல் ஏழு வரை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

முதல் கண்காட்சிக்கு ஒரே தொடரில் பன்னிரண்டு ஓவியங்களாவது சேரட்டும். விலையைச் சதுர அடிக் கணக்கில் வைத்தால் பேரம் குறையும். கண்காட்சிக்கூடம் எடுத்துக்கொள்ளும் பங்கை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். ரசீது இல்லாமல் நான் கொடுத்துவிட்டு வந்த இரண்டு ஓவியங்கள் இன்று வரை திரும்பவில்லை. அவற்றின் படம்கூட என்னிடம் இல்லை. ஆகவே பின்புறம் பெயர், ஆண்டு, அளவு, ஊடகம் எழுதி, பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்த பிறகே எதையும் வீட்டை விட்டு அனுப்புங்கள்.